வாசகர் கேள்விகள்: வழிபாடும் நாட்டின் பண்பாடும்

சென்ற இதழில் ஒரு வாசகருக்கு எழுதிய பதிலில், "சமய நம்பிக்கையின் துணையின்றி ஒரு நாட்டின் பண்பாடு புத்துயிர் பெற்றதற்கு வரலாற்றில் சான்றுகள் குறைவு; ஆனால் பண்பாட்டைப் புதுப்பிக்க வேண்டும் என்பதற்காகவே கைக்கொள்ளப்படும் நம்பிக்கை நெடுநாள் நிற்பதில்லை" என்று குறிப்பிட்டிருந்தேன். அந்த வரிகளை ஏற்றும் மறுத்தும் நீலகிரியிலிருந்தும் பழனி மலைப் பகுதியிலிருந்தும் வந்த கடிதங்களுக்கே இம்முறை பக்கம் முழுவதையும் ஒதுக்குகிறேன்.

பண்பாட்டைக் காக்கப் பள்ளிகள் இருக்கின்றன, அருங்காட்சியகங்கள் இருக்கின்றன, அரசிலும் அதற்கென்று ஒரு துறை இருக்கிறது. இவற்றால் இயலாத எதைச் சமய நம்பிக்கை செய்துவிடுகிறது, ஐயா?
– ஆசிரியை ஒருவர், கோத்தகிரி

தங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ள இடத்தையே சான்றாகக் காட்டுகிறேன், அம்மையீர். உதகையை அடுத்த முத்தநாடு மந்தில் (மந்து என்பது தோடர் குடியிருப்பு) நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களின் கூம்பு வடிவக் கோயில் இருக்கிறது. அவ்வடிவக் கோயில்கள் இன்று மிகச் சிலவே எஞ்சியுள்ளன. அதன் கூரையைக் கையில் கிடைத்த புல்லைக் கொண்டு வேய்ந்துவிட இயலாது. சோலைகளுக்கு இடையே உள்ள சதுப்பு நிலத்தில் வளரும் ஒரு குறிப்பிட்ட புல்லும், மூங்கிலும் பிரம்பும் வேண்டும் என்பது அவர்களுடைய மரபு. ஆகவே ஒவ்வொரு தலைமுறையிலும் அந்தப் புல் எந்தச் சதுப்பில் நிற்கிறது என்று அறிந்தவரும், அதை அறுக்கும் பக்குவம் தெரிந்தவரும், பிரம்பை வளைத்துக் கட்டத் தெரிந்தவரும் இருந்தாக வேண்டும். புல் இருக்க வேண்டுமானால் சதுப்பு இருக்க வேண்டும், சதுப்பு இருக்க வேண்டுமானால் அதைச் சுற்றியுள்ள புல்வெளியைச் சீகை (வாட்டில்) மரமும் கற்பூர (யூகலிப்டஸ்) மரமும் மூடிவிடாமல் இருக்க வேண்டும். வெள்ளையர் காலத்தில் தொடங்கி விடுதலைக்குப் பின்னும் பல ஆண்டுகள் நாம் செய்தது இதற்கு நேர்மாறு. புல்வெளியைத் தரிசு என்று எண்ணி அவ்விரு மரங்களையும் நட்டு நிரப்பினோம். இன்று அந்தப் புல்வெளிகளை மீட்க வேண்டும் என்று தாவரவியலாளர்கள் எழுதுகிறார்கள், வனத்துறையும் முயல்கிறது. அவர்களுக்கு வெகு முன்பிருந்தே, எழுதத் தெரியாத காலத்திலிருந்தே, ஒரு சிறு சமூகம் அந்தச் சதுப்பைத் தேடிப் போய்க்கொண்டுதான் இருந்தது. ஏனெனில் கூரை நைந்துவிட்டால் கோயில் புல்லைக் கேட்கும்.

அதே கோயிலின் மாதிரி ஒன்றைச் செய்து அருங்காட்சியகத்தில் வைத்தால் அது யாரிடமும் எதையும் கேட்காது. நான் காணும் வேறுபாடு இதுவே. வட்டிக்காரரைப் போலத் தவணை தவறாமல் வாசலில் வந்து நிற்பது நம்பிக்கையின் இயல்பு. தங்கள் ஊரைச் சுற்றியுள்ள கோத்தப் பழங்குடியினரின் குழலிசையைப் பாருங்கள். குளிர்காலத் திருவிழாவுக்கு வாசித்தாக வேண்டும் என்பதால் இளைஞன் பெரியவரிடம் கற்றுக்கொள்கிறான். ஹெத்தையம்மன் பண்டிகைக்குப் பெங்களூரிலும் கோவையிலும் வேலை பார்க்கும் படகர் பிள்ளைகள் வெண்ணிற உடையில் தத்தம் ஹட்டிக்கு, அதாவது சிற்றூருக்கு, திரும்புவதும், அந்நாட்களிலாவது வீட்டில் படகமொழி முழுமையாகப் பேசப்படுவதும் எந்தத் துறையின் சுற்றறிக்கையாலும் நடப்பவை அல்ல.

வெளிநாட்டுச் சான்று ஒன்றையும் தாங்கள் கேட்டிருந்தீர்கள். வேல்ஸ் நாட்டை எடுத்துக்கொள்வோம். 1536ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே நீதிமன்றத்திலிருந்தும் நிர்வாகத்திலிருந்தும் வெல்ஷ் மொழியை விலக்கியது. பின்னர் 1563இல் இங்கிலாந்து நாடாளுமன்றமே, மக்கள் சீர்திருத்தச் சமயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக விவிலியத்தை வெல்ஷில் பெயர்க்க ஆணையிட்டது. வில்லியம் மார்கன் என்ற குரு 1588இல் முழு விவிலியத்தையும் வெளியிட்டார். மொழியைக் காப்பது நாடாளுமன்றத்தின் நோக்கமன்று. ஆயினும் அலுவலகத்தில் இடமிழந்த மொழிக்கு ஞாயிறுதோறும் ஆலயத்தில் இடம் கிடைத்ததால் அதற்குச் செம்மையான உரைநடை ஒன்று வாய்த்தது. 18ஆம் நூற்றாண்டில் கிரிஃபித் ஜோன்ஸ் என்ற மற்றொரு குரு ஊர் ஊராக மாற்றி மாற்றி நடத்திய பள்ளிகளில் உழவர்களும் வேலையாட்களும் அந்த நூலைக் கொண்டே எழுத்தறிந்தார்கள்.

இதைப் பொது விதியாக்கிவிட வேண்டாம். அயர்லாந்து மக்கள் எத்தனையோ அடக்குமுறைகளுக்கு இடையே கத்தோலிக்க நம்பிக்கையை விடாமல் காத்தார்கள்; அவர்களுடைய மொழியோ 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலப் பள்ளிகளாலும், 1845இல் தொடங்கிய பஞ்சத்தாலும், அதையொட்டிக் குடும்பம் குடும்பமாகக் கப்பலேறியதாலும் மேற்குக் கரையோரத்துக்குச் சுருங்கிப்போயிற்று. வழிபாடு எதைக் கேட்கிறதோ அது பிழைக்கிறது. இலத்தீனில் நடந்த பூசை ஐரிஷ் மொழியைக் கேட்கவில்லை.

நம்பிக்கைக்கு இவ்வளவு ஆற்றல் உண்டென்றால், ஓர் அரசே ஒரு சமயத்தை நாட்டின் அடையாளமாக ஏற்று வளர்த்தால் பண்பாடு விரைவாகப் புதுப்பிக்கப்படாதா?
– கல்லூரி மாணவர், உதகமண்டலம்

விரைவாக மாறும், தம்பி. புதுப்பிக்கப்படும் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. ஜப்பானில் நடந்ததைக் கேளுங்கள். 1868இல் அமைந்த மெய்ஜி அரசு, அதுவரை நூற்றாண்டுகளாக ஒரே வளாகத்தில் கலந்து வாழ்ந்த பௌத்தத்தையும் ஜப்பானின் பழைய மரபான ஷின்டோ வழிபாட்டையும் ஆணை போட்டுப் பிரித்து, ஷின்டோவைப் பேரரசின் சடங்குமுறை ஆக்கியது. ஊர்தோறும் இருந்த சிற்றாலயங்கள் அந்தப் பெருமைக்கு ஏற்றவையாக அதிகாரிகளுக்குத் தோன்றவில்லை. ஒரு மரம், ஒரு கல், குனிந்து நுழையும் ஒரு குடில் – இதற்கெல்லாம் அரசு மரியாதை செய்வது எப்படி? எனவே 1906இல் சிறு ஆலயங்களை இணைத்து ஊருக்கு ஒன்று என்ற அளவில் குறைக்கும் கொள்கையைத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் ஏறத்தாழ 70,000 ஆலயங்கள் மறைந்தன. அவற்றைச் சூழ்ந்திருந்த தோப்புகளும் பல இடங்களில் வெட்டி விற்கப்பட்டன. தேசிய வழிபாட்டை வளர்க்கப் புறப்பட்டவர்களே மக்கள் வழிபட்ட இடங்களை அழித்தார்கள்.

இதை எதிர்த்து நின்றவர்களில் முதன்மையானவர் மினகதா குமகுசு என்ற இயற்கையியலாளர். தோப்பு போனால் அதிலுள்ள அரிய செடிகளும் பூஞ்சைகளும் போகும், ஊற்று போகும், பறவைகள் போகும், ஊரார் கூடும் இடமும் பழைய கதைகளும் போகும் என்று கடிதம் கடிதமாக எழுதினார். 1910இல் அதிகாரிகள் கூடியிருந்த கூட்டத்தில் புகுந்து கலகம் செய்ததாகச் சில நாள் காவலிலும் வைக்கப்பட்டார். அவரைத் தீவிர பக்தர் என்று சொல்ல முடியாது. ஆனால் அரசாங்க அதிகாரிகளைவிட அவருக்கே நம்பிக்கை எங்கே குடியிருக்கிறது என்பது தெரிந்திருந்தது. நீலகிரியில் வாழும் நாம் இதைச் சற்றுக் கவனமாகப் படிக்க வேண்டும். நம் கோயில் சோலைகளுக்கும் நாளை யாராவது பளிங்குத் தரையும் அலங்கார வளைவும் கொண்டு வரக்கூடும்.

நாங்கள் இலங்கை மலையகத்திலிருந்து திரும்பிய குடும்பம். லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) மாரியம்மன் திருவிழாவையும் காமன் கூத்தையும் என் பாட்டனார் அங்கிருந்து இங்கே கொண்டு வந்தார். அங்கே எங்களை இந்தியர் என்றார்கள், இங்கே சிலோன்காரர் என்கிறார்கள். நாங்கள் எந்த நாட்டின் பண்பாட்டைப் புதுப்பிக்கிறோம், ஐயா?
– தேயிலைத் தொழிலாளி, கூடலூர்

இம்முறை வந்த கடிதங்களில் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது தங்களுடையதே.

இலங்கையில் நடந்ததை முதலில் நேர்மையாகச் சொல்லிவிடுவோம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அநகாரிக தர்மபால போன்றோர் தொடங்கிய பௌத்த மறுமலர்ச்சி போலியானது அன்று. மிஷன் பள்ளிகளின் அழுத்தத்துக்கு இடையே தம் சமயத்துக்குப் பள்ளியும் அச்சும் வேண்டும் என்று எழுந்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு ஒரு தலைமுறைக்கு முன், 1848இல், யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் சைவப் பள்ளி தொடங்கியதும் அதே அழுத்தத்தில்தான். ஆனால் தேர்தல் அரசியல் அந்த மறுமலர்ச்சியைக் கையில் எடுத்தபோது அதன் முகம் மாறியது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தங்கள் பாட்டனார் போன்ற தோட்டத் தொழிலாளர்களை நாடற்றவர் ஆக்கியது. 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி ஆயிற்று. 1972ஆம் ஆண்டின் அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் அளித்தது. இடையில் 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவதென்றும் முடிவாயிற்று. 1974இல் அவர்களையும் சரிபாதியாகப் பிரித்தார்கள். இவ்வாறு திரும்பியவர்களுக்கு வேலை தருவதற்காகவே 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன என்பதைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு நாடுகள் தங்கள் குடும்பத்தைப் பட்டியலில் எண்ணாக எழுதின. இதற்கிடையில் லயத்தின் ஓரத்தில் கல் நட்டு, கரகம் எடுத்து, மாசியில் காமனுக்கும் ரதிக்கும் வேடம் கட்டிய மக்கள் தங்களை எண்ணாக நினைக்கவில்லை. எந்த நாட்டின் பண்பாடு என்ற கேள்விக்கு, அது தமிழருடையது, தேயிலை மலைகளில் உழைத்தவர்களுடையது என்ற விடையே எனக்குத் தெரிகிறது. அதைத் தன்னுடையது என்று ஏற்றுக்கொள்ளும் அளவுக்கு அகன்றதாகத் தன்னை வைத்துக்கொள்வது நாட்டின் பொறுப்பு. தங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: காமன் கூத்தை இருபது நிமிட மேடை நிகழ்ச்சியாகச் சுருக்கித் தரச் சொல்லி யாரேனும் அழைத்தால் போய் ஆடுங்கள், ஊதியத்தையும் கேட்டு வாங்குங்கள், ஆனால் தோட்டத்தில் முழு இரவுகளும் ஆடுவதை அதற்காக நிறுத்திவிட வேண்டாம். பிள்ளைகள் பாட்டு முழுவதையும் கற்பது அங்கேதான்.

தேசியப் பண்பாடு என்று யார் பேசினாலும் கிறிஸ்தவர்களாகிய எங்களைத் திண்ணையில் உட்காரவைத்துவிட்டே பேசுகிறார்கள். தங்கள் கருத்திலும் அப்படித்தானா?
– வாசகி, கொடைக்கானல்

இல்லை. பண்பாட்டில் ஒருவருக்குள்ள பங்கு அவர் அதற்காக உழைத்த உழைப்பால் வருவது. இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் தம் இறைப்பற்றின் காரணமாகவே தேம்பாவணியைப் பாடினார். விளைவாகத் தமிழுக்கு ஒரு காப்பியம் கிடைத்தது. உதகையில் பள்ளி நடத்திய ஜி.யு. போப் 1886இல் திருக்குறளையும், எண்பதாம் வயதில், 1900இல், திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். ஒரு கிறிஸ்தவ குரு மாணிக்கவாசகரிடம் மனம் உருகியதால் அவருடைய கிறிஸ்தவம் குறைந்துவிடவில்லை.

எதிர்த்திசையிலும் பாருங்கள். திருவாவடுதுறை மடத்தில் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்ற, சிவபக்தியில் ஊறிய உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அது சமண நூல். அதன் சமயக் கருத்துகள் பிடிபடாமல் அவர் திகைத்தபோது, கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்கள் அவற்றை அவருக்கு எடுத்துரைத்தார்கள். அவர்களுக்கு அது இலக்கியம் மட்டுமன்று, மரபு பிறழாமல் கேட்டும் படித்தும் வந்த சமய நூல். அதனால்தான் மற்றவர்கள் மறந்ததை அவர்கள் மறக்கவில்லை. எண்ணிக்கையில் மிகச் சிறிய ஒரு சமூகத்தின் நம்பிக்கை, வேறொரு நம்பிக்கை உடைய அறிஞர் ஒருவரின் கையில், தமிழர் அனைவருக்கும் உரிய செல்வத்தை மீட்டுக் கொடுத்தது. நம் பழைய இலக்கிய மறுமலர்ச்சியின் தொடக்கமே இப்படிப்பட்டது என்பதை மேடைப் பேச்சாளர்கள் பலர் சொல்வதே இல்லை.

தங்கள் ஊர்ச் சலேத் அன்னையின் திருவிழா ஆகஸ்ட் 15ஆம் நாளை ஒட்டி வருவதும், காலையில் தேசியக் கொடியேற்றிவிட்டு வந்த எல்லாச் சமயத்தாரும் மாலையில் சப்பரத்தைக் காண நிற்பதும் நான் அறிந்தவை. அங்கே யார் திண்ணையில் இருக்கிறார், யார் கூடத்தில் இருக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை.

பழனிப் பாதயாத்திரையில் ஆண்டுதோறும் கூட்டம் பெருகுகிறதே, இது பண்பாட்டு மறுமலர்ச்சியின் அறிகுறிதானே?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

கூட்டத்தை மட்டும் வைத்துச் சொல்ல இயலாது. ஒலிபெருக்கியை நிறுத்திய பிறகும் காவடிச்சிந்து தொடர்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

தமிழகத்தை மாற்றியது பகுத்தறிவு இயக்கம், கோயில்கள் அல்ல. தீண்டாமையைக் காத்து நின்ற நம்பிக்கையையே மறுமலர்ச்சிக்கு மருந்தாகத் தாங்கள் சொல்வது வியப்பளிக்கிறது.
– ஓய்வு பெற்ற அலுவலர், குன்னூர்

தங்கள் வியப்பில் நியாயம் உண்டு. புரோகிதர் இல்லாத திருமணத்துக்கு 1967இல் தமிழகச் சட்டமன்றம் சட்ட ஏற்பு அளித்தது பகுத்தறிவு இயக்கத்தின் நெடுநாள் உழைப்பின் விளைவு. அதனால் நம் பண்பாடு மெலிந்துவிடவில்லை, நிமிர்ந்தது. நம்பிக்கையின்றிப் புதுப்பித்தல் நிகழாது என்று நான் எழுதவில்லை, சான்றுகள் குறைவு என்றுதான் எழுதினேன். தாங்கள் காட்டுவது அக்குறைந்த சான்றுகளில் வலுவானது.

ஆனால் தீண்டாமையை எதிர்த்தவர்களில் நம்பிக்கையால் எதிர்த்தவர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சாதியும் சமய வேறுபாடும் பார்க்காமல் பசித்தவருக்குச் சோறிட வடலூரில் 1867இல் தருமச்சாலை தொடங்கிய வள்ளலார் தம் காலத்துச் சமய வழக்கங்களை நாத்திகத்தால் கண்டிக்கவில்லை. அருட்பெருஞ்ஜோதியின் பெயரால் கண்டித்தார். 1939 ஜூலை 8 அன்று கக்கன் உள்ளிட்ட சிலரை அழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் சென்ற வைத்தியநாத ஐயர் பக்தர். அவர்களுடைய சமூகத்துக்கு உவப்பில்லாததை அவர்களுடைய நம்பிக்கை அவர்களிடம் கேட்டது, அவர்களும் கொடுத்தார்கள். புல்லைக் கேட்கும் கோயிலைப் பற்றி மேலே எழுதினேன். நீதியைக் கேட்கும் கோயிலும் உண்டு, அது கேட்பது இன்னும் கடினமானது.

நம்பிக்கை தடம் புரளும் இடத்தையும் மறைக்க விரும்பவில்லை. 1934இன் தொடக்கத்தில் காந்தியடிகள் அரிசன யாத்திரையின் நடுவே தங்கள் குன்னூரில் தங்கினார். மலைக்கு வருவதற்குச் சில நாள் முன்புதான், பல்லாயிரம் உயிர்களைப் பறித்த பீகார் நிலநடுக்கம் தீண்டாமைப் பாவத்துக்கு இறைவன் அளித்த தண்டனை என்று அவர் பேசியிருந்தார். தாகூர் அதை வெளிப்படையாக மறுத்தார். அம்மறுப்பைக் காந்தி தம் இதழிலேயே வெளியிட்டுவிட்டுத் தம் கருத்தில் உறுதியாகவும் நின்றார். இவ்விவாதத்தில் நான் தாகூர் பக்கம். ஆனால் தீண்டாமைக்கு எதிராக ஊர் ஊராக அவரை நடக்க வைத்ததும், அந்தத் தவறான வாதத்தைச் சொல்ல வைத்ததும் ஒரே நம்பிக்கைதான் என்பதை மறக்க முடியவில்லை. எனவேதான் தங்களைப் போன்றவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்கிறேன்.

பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு உரிய விருப்பாட்சி மலைவாழையை என் தந்தையார் காப்பிக்கு இடையே பயிரிட்டார். நோய் வந்து தோட்டம் அழிந்தது. மீண்டும் நட நான் விரும்புகிறேன். மிளகே போதும் என்கிறார்கள் பிள்ளைகள். முருகனுக்காக நடுவது அறிவுடைமையா?
– விவசாயி, பண்ணைக்காடு

தங்கள் தோட்டத்தை அழித்தது முடிக்கொத்து நோயாக இருக்க வேண்டும். அசுவினிப் பூச்சியால் பரவும் அந்த நச்சுயிரி 1970களிலிருந்து கீழ்ப்பழனி மலைகளில் மலைவாழையைப் பேரளவில் ஒழித்தது. இவ்விதழில் நான் எழுதியவற்றுக்கெல்லாம் தங்கள் கேள்வி ஒரு வரம்பு கட்டுகிறது: கோயில் ஆண்டு முழுவதும் அந்தப் பழத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தும், நம்பிக்கையால் நோயைத் தடுக்க முடியவில்லை. பழத்தை மீட்க வந்தது வேளாண் பல்கலைக்கழகம் திசு வளர்ப்பில் உருவாக்கிய நோயற்ற கன்று. அதே வேளையில், அந்தப் பழத்துக்கு என்று ஒரு கோயிலும் ஒரு பிரசாதமும் இல்லாதிருந்தால் மலையோரத்து ஒரு வாழைக்காக அத்தனை ஆண்டுகள் யார் முயன்றிருப்பார்கள்? விருப்பாட்சி மலைவாழைக்கு 2008ஆம் ஆண்டிலேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு 2019இல் கிடைத்தது.

ஆகவே முருகனுக்காக நடுங்கள், ஆனால் முருகனை மட்டும் நம்பி நட வேண்டாம். பக்கத்துத் தோட்டத்திலிருந்து பக்கக்கன்று பெயர்த்து வராமல், தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் நோயற்ற திசு வளர்ப்புக் கன்று கேட்டு வாங்குங்கள். இலை குறுகிக் கொத்தாக நிற்கும் மரத்தைக் கண்டால் கிழங்கோடு தோண்டி அழித்துவிடுங்கள். மிளகை விட வேண்டியதில்லை. காப்பித் தோட்டத்தில் மூன்றுக்கும் இடம் உண்டு. பிள்ளைகளின் தயக்கம் விலையைப் பற்றியது என்று கடிதத்தின் இறுதியில் எழுதியிருக்கிறீர்கள். அது நியாயமான தயக்கம். கோயில் கேட்கும் பழத்துக்கு ஆண்டு தொடங்கும் முன்பே ஒரு நிலையான கொள்முதல் விலையைக் கோயில் நிர்வாகம் அறிவிக்க வேண்டும் என்று பண்ணைக்காடு, தாண்டிக்குடிப் பகுதி விவசாயிகள் அனைவரும் கையெழுத்திட்டு ஒரு மனு கொடுங்கள். அதன் நகலை எனக்கும் அனுப்பினால் இப்பக்கத்தில் வெளியிடுகிறேன்.